பலகையை மூடியது யார்?

"மூடுனது நீதா..."

"மூடச் சொன்னது அப்பன்..."

"அப்பன் அன்னிக்கு ஊட்டுலயே இல்ல. நீதா மூடுனே. நீயேதா!"

"மெதுவாப் பேசு, கருப்பாத்தா. சனம் பாக்குது."

"பாக்கட்டும். அறுவது வருசமா ஒருத்தரும் பாக்கல."

ஸ்கேன் சென்டரில் காத்திருந்த பதினோரு பேரும் பார்த்தார்கள். அதற்குமுன் எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கருப்பாத்தாளுக்கு அறுபத்தேழு வயது. இடது கால் மரத்துவிட்டது. செருப்பு கழன்றது தெரியாமல் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போயிருக்கிறாள். முதுகுத்தண்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்காமல் ஆபரேஷன் இல்லை, ஆபரேஷன் இல்லாவிட்டால் அடுத்தது வலது கால் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் முறை வந்தவள் ஆளை உள்ளே தள்ளும் அந்த எந்திரக் குழாயைக் கண்ணால் பார்த்தாள், வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டாம் முறை படுத்தாள். கழுத்து வரைக்கும் உள்ளே போனதும் இறக்கிவிடச் சொல்லிக் கத்தினாள். இது மூன்றாம் முறை. அன்னூரிலிருந்து அக்கா பூவாத்தாளை வரவழைத்திருந்தாள். துணைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பூவாத்தாள் முறுக்கு வாங்கி வந்திருந்தாள்.

கருப்பாத்தாளுக்கு வேண்டியது முறுக்கல்ல. "நாந்தான் மூடுனேன்" என்று அக்கா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் குழாய்க்குள் போவது, சொல்லாவிட்டால் கால் போனாலும் போகட்டும். காலையில் பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டாள்.

பாகிஸ்தான் சண்டை நடந்த வருஷம் அது. அக்காவுக்குப் பத்து வயது, இவளுக்கு ஏழு. மில் சங்கு விட்டுவிட்டு ஊதினால் விமானம் வருகிறது, நீளமாக ஊதினால் போய்விட்டது என்று ஒருவர் வந்து தெருத்தெருவாகச் சொன்னார். பதுங்கு குழியும் வெட்டச் சொன்னார். எப்படி வெட்டுவது என்று சொல்லவில்லை. மற்றவர்கள் வாய்க்கால் மாதிரி நீளமாக வெட்டினார்கள். இவர்களுடைய அப்பா சின்னான், பண்ணையங்களில் சோளம் கொட்டிவைக்கும் குழி வெட்டிப் பேரெடுத்தவர். அவருக்குத் தெரிந்த குழி அது ஒன்றுதான். ஓர் ஆள் இறங்குமளவுக்கு வாய், உள்ளே பானை வயிறு, சுற்றிலும் சாணி மெழுக்கு, மேலே மூடப் பலகை. எலிகூட நுழையாது என்றார். நுழையவுமில்லை. ஒரே சங்கடம், பலகையை வெளியே நின்றுதான் மூட முடியும். சோளத்துக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் மத்தியானம் சங்கு விட்டுவிட்டு ஊதியது. கருப்பாத்தாள் குழிக்குள் இருந்தாள். மேலே இருட்டு வந்து மூடியது. அவள் தொண்டை கட்டுகிறவரை கத்தினாள்.

சிங்காநல்லூருக்கு எந்த விமானமும் வரவில்லை. சண்டை முடிந்தது. அடுத்த வருஷம் சோளத்துக்கே பஞ்சம் வந்து, குழியில் போட ஒன்றுமில்லாமல் அப்பா மண்ணைப் போட்டு மூடினார். கருப்பாத்தாள் மட்டும் இன்றுவரை கக்கூஸுக்குத் தாழ் போட்டதில்லை. மருமகள் வெளியே காவல் நிற்பாள்.

"கருப்பாத்தாள் பாட்டி, அடுத்தது நீங்கதானுங்க," என்று வந்தாள் நர்ஸ் கிளாடிஸ். "தோடு, மூக்குத்தியெல்லாம் கழட்டிருங்க."

"சித்த இரு கண்ணு. இவ ஒண்ணு சொல்லோணும்."

"டாக்டர் பன்னெண்டு மணிக்குக் கெளம்பிருவாருங்க." கிளாடிஸ் பூவாத்தாள் பக்கம் திரும்பினாள். "சொல்லிருங்க பாட்டி." என்னவென்று அவளுக்குத் தெரியாது.

பூவாத்தாள் முறுக்குப் பையை மடியிலிருந்து கீழே வைத்தாள்.

"சரி. நாந்தா மூடுனேன். போதுமா?"

போதவில்லை. அது கருப்பாத்தாளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மூடிப்போட்டு எங்க வெளையாடப் போனே?"

"எங்கயும் போகல."

"நாங் கத்துனது கேக்கலையா?"

"கேட்டுது."

"கேட்டுமா தொறக்கல, பாவி?"

"நீளச் சங்கு ஊதலையே. ஊதாமத் தொறந்தா தோலை உரிச்சுப்போடுவேன்னாரு அப்பன். சங்கு ஊதறவன் மறந்துபோட்டு டீக்கடைக்குப் போயிட்டானாம். பொழுதெறங்கி அம்மா வந்துதான் தொறந்துச்சு."

"அதுவரைக்கும் நீ எங்க இருந்தே?"

"பலகை மேல."

"பலகை மேலயா?"

"காத்துல பலகை பேந்துக்கும்னு மேலயே குக்கி உக்காந்திட்டிருந்தேன். ஒண்ணுக்குக்கூடப் போகல."

கருப்பாத்தாள் வலது தோட்டைக் கழற்றினாள். இடது தோட்டின் திருகு சுற்றவில்லை. அக்கா கை நீட்டிச் சுற்றிவிட்டாள்.

"நீயும் உள்ள வந்திருக்கலாமில்ல?"

"வந்தா யாரு மூடறது?"

கிளாடிஸ் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். காதுக்குப் பஞ்சு வைத்தாள். பயமாக இருந்தால் அமுக்குங்கள் என்று ரப்பர் பந்து ஒன்றைக் கையில் கொடுத்தாள். போன தடவையும் கொடுத்த பந்துதான். பூவாத்தாள் தோடுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலோடு நின்றுவிட்டாள். படுக்கை நகர ஆரம்பித்தது. கருப்பாத்தாள் பந்தை அமுக்கவில்லை. தலை உள்ளே போகும்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது.

"ஏக்கா, அன்னிக்கு நெசமாலுமே குண்டு உழுந்திருந்தா, நீ?"