குப்புராஜ் குடித்திருக்கவில்லை

மகன் சிட்டிபாபு செத்து ஒரு வருஷமாகியும் சாமுண்டீஸ்வரிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அவன் ஓட்டிப்போன பைக் ஒரு சைக்கிளில் மோதியது. சைக்கிளில் வந்த பொழிச்சலூர்க் கொத்தனார் குப்புராஜ் அங்கேயே போய்விட்டான். பிள்ளை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு கிடந்து போனான்.

அவள் புருஷன் ராஜகோபால் சிட்லபாக்கத்துப் பழைய குடும்பம். வயலை மனை போட்டு விற்றவர், கோயில் திருப்பணிக் கமிட்டித் தலைவர். "ஆத்மாவுக்கு அழிவு இல்லன்னு பகவானே சொல்லியிருக்காரு" என்று துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அவரே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே சொல்லியிருக்கிறது என்று பார்க்கத்தான் அவள் அலமாரியிலிருந்த புத்தகத்தை எடுத்தாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அதுவரை யாரும் பிரித்ததே இல்லை.

ஆத்மா சாகாதுதான். ஆனால் பிள்ளையின் சட்டையை மடித்து வைக்கிற கைக்கு அது என்ன பதில்? அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பக்கத்து வீட்டு நர்ஸ் செல்வமேரி தன் வேதப் புத்தகத்தைக் கொடுத்தாள். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த ஒரு மனிதன் அதில் கடவுளோடு சண்டை போட்டான். உன் பாவம்தான் காரணம் என்று சொன்ன சிநேகிதர்களைக் கடவுளே கண்டித்தார். அதைப் படித்தபோதுதான் அவள் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். ஆனால் கடைசியில் அவனுக்கு வேறு பிள்ளைகள் பிறந்தார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிந்திருந்தது.

"வேற புள்ள பொறந்தா போன புள்ள திரும்பி வந்துடுமா, மேரி?"

"எனக்கும் அந்த இடம் புரியல அக்கா" என்றாள் செல்வமேரி.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த கடையில் முஸ்லிம்களின் வேதமும் தமிழில் கிடைத்தது. அதில் ஆறுதல் தேடிப் புரட்டியவளை அநாதைகள் பற்றிய வரிகள் பிடித்துக்கொண்டன. அநாதையை விரட்டாதே, அவனுக்குச் சேர வேண்டியதைத் தின்னாதே என்று திரும்பத் திரும்ப வந்தது. செல்வமேரியின் புத்தகத்திலும் அதே விதவை, அதே திக்கற்ற பிள்ளை. தன் பிள்ளைக்காகத்தான் அவள் படிக்க உட்கார்ந்தாள். படித்ததெல்லாம் குப்புராஜின் பிள்ளைகளைப் பற்றியே கேட்டது.

குப்புராஜின் பெண்டாட்டி முனியம்மா நஷ்டஈடு கேட்டு, பைக் ராஜகோபால் பேரில் இருந்ததால் அவர்மேல் வழக்குப் போட்டிருந்தாள். அவன் குடித்துவிட்டுக் குறுக்கே வந்தான் என்று சொல்ல ராஜகோபால் ஒரு டீக்கடைக்காரனைச் சாட்சியாகப் பிடித்து வைத்திருந்தார். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிட்டிபாபு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது வேறு: "அந்தாளு ஓரமாத்தாம்மா வந்தான். நான்தான் ராங் சைடுல ஏறிட்டேன்."

ஒரு நாள் சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் அதைச் சொன்னாள். ராஜகோபாலின் முகம் கறுத்துவிட்டது.

"கண்ட மதத்துப் புஸ்தகத்தையும் படிச்சுப் புத்தி கெட்டுப்போச்சு" என்றார், அவளைப் பார்க்காமல் அவர்களிடம். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "எந்த வேதத்துல புருஷனைக் காட்டிக்குடுக்கச் சொல்லியிருக்கு?"

"செத்தவன் மேல பழி போடச் சொல்லி எதுல இருக்கு? நான் மூணையும் படிச்சிட்டேன். நீங்க நம்ம புஸ்தகத்தையாவது பிரிச்சுப் பாத்தீங்களா?"

கமிட்டிக்காரர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்கள்.

மறுநாள் அவள் பொழிச்சலூர் போனாள். முனியம்மா உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நிறுத்தியே அவள் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"அவுரு குடிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? என் புள்ளைங்கள ஸ்கூல்ல குடிகாரன் புள்ளன்னு கூப்புடுதுங்க. நீ இத்தினி நாளு கம்முனு இருந்துட்டு இப்போ என் காதுல வந்து சொன்னா இன்னா ஆவப்போவுது? கோர்ட்ல போய் சொல்லு."

அந்த வார்த்தை சுட்டது. அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் அதைவிடச் சுட்டது.

செங்கல்பட்டு கோர்ட்டில் அவள் முனியம்மா பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏறினாள். ராஜகோபாலின் வக்கீல் விபத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நீங்க மதம் மாறிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப மத்த மதத்து வேதத்தையெல்லாம் ஏன் படிக்கிறீங்க? மகன் போனதுலேர்ந்து உங்களுக்கு மனநிலை சரியில்லன்னு சொல்றேன்."

அவள் வக்கீலை நேராகப் பார்த்தாள். "என் புள்ள சாகும்போது ஒரு உண்மையச் சொன்னான். அதக் கேளுங்க. நான் இன்னா படிக்கிறேன்னு கேக்கறீங்க. புள்ள சொன்னத மறைச்சு வச்சிருந்தப்போ என்னைப் பைத்தியம்னு யாரும் சொல்லல. அப்போ நான் நல்ல பொம்பளை."

நீதிபதி வக்கீலை நிறுத்தி, பிள்ளை சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். டைப் அடிக்கிற சத்தம் அவள் வார்த்தைகளுக்குப் பின்னாலேயே வந்தது.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. குப்புராஜ் குடித்திருந்தான் என்பதற்கு ஆதாரமில்லை, தவறு பைக் ஓட்டியவருடையதே என்று எழுதியிருந்தது. முனியம்மா நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாமுண்டீஸ்வரிக்குக் கூச்சமாக இருந்திருக்கும். தீர்ப்பின் நகலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நேராகப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போவதாக மட்டும் சொன்னாள்.

ராஜகோபால் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கும்பாபிஷேகப் பத்திரிகையில் குடும்பத்தார் எல்லார் பேரும் இருந்தது, அவள் பேர் இல்லை. செல்வமேரி வந்து, "உங்களுக்கு வருத்தமா இல்லியா அக்கா?" என்று கேட்டாள்.

"வருத்தம் இல்ல. எரிச்சல்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "கோபுரத்துக்குத் தண்ணி ஊத்தறாங்களே, மேரி, அதுக்கு முன்னாடி அந்தப் புஸ்தகத்த ஒருவாட்டி படிங்கன்னு இவங்ககிட்ட யாரு சொல்றது?"