ஜன்னல் அவரை

விருத்தாசலத்துக்கு வந்த பிறகு ராஜாங்கத்துக்கு மிஞ்சிய நிலம் இரண்டு பீங்கான் தொட்டிகள்தான். அதுவும் சூளையில் கோணிப்போய்க் கழித்துப் போட்டவை. கம்மாபுரம் பக்கத்தில் உழுதுகொண்டிருந்த காடு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது, ஒரு பிடி அவரை விதையை மட்டும் வேட்டியில் முடிந்துகொண்டு வந்த மனுஷன் அவர். பீங்கான் வேலையில் சேர்ந்தார். முற்றம்கூட இல்லாத ஒற்றை அறை வீடு. கிழக்கு ஜன்னலுக்கு உள்பக்கம் தொட்டிகளை வைத்து மண் நிரப்பி, ஆடிப்பட்டம் தவறாமல் விதை ஊன்றினார்.

"தொட்டியில வெள்ளாமை பண்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்," என்று அவர் மனைவி வீரம்மாள் சிரித்தாள்.

ஐப்பசியில் அவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. அவரைக்கொடிக்கு அதெல்லாம் என்ன தெரியும்? தண்ணீர் ஊற்றியவரை உள்ளே விட்டுவிட்டு, வெயிலைத் தேடி, கம்பிகளைச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டது. மார்கழியில் பூத்ததும் அங்கேதான். கட்டிலில் கிடந்தவர் கண்ணுக்குத் தண்டும் இலையின் முதுகும்தான் தெரிந்தன.

"பூத்துருக்குதாமே. எதுத்த வூட்டு கமலம் சொல்லுது," என்றார் வாய் குழற.

"ஒரு கொத்து பறிச்சாந்து காட்டறேன்."

"அவரைப் பூவை யாராச்சும் பறிப்பாங்களா? அப்புறம் காய் எங்கேர்ந்து வரும்? நாலு பேரைக் கூப்புடு. என்னைத் தூக்கித் தெருவுல வைக்கச் சொல்லு. ஒரு தடவை பாத்துக்கறேன்."

படுத்த ஆளை நாலு பேர் தூக்கித் தெருவில் வைப்பது எப்போது என்று வீரம்மாளுக்குத் தெரியாதா?

"வெளக்கு வைக்கிற நேரத்துல பேசற பேச்சா இது? தை பொறக்கட்டும். நீங்களே நடந்து போயி பாப்பீங்க."

மறுநாளும் கேட்டார். காதில் விழாதவள் போல அவள் அடுப்பை ஊதினாள். வாயால் சொல்லாவிட்டால் சாவு வாசலோடு திரும்பிவிடும் என்று நம்பினாள், பாவி மகள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

தை பிறக்கவில்லை, அவர் போய்விட்டார்.

காலையில் குளிப்பாட்டுவதற்காக நாலு பேர் அவரைத் தூக்கி வந்து, தெருவில் பெஞ்சின் மேல் கிடத்தினார்கள். நேர் எதிரே ஜன்னல். கம்பி தெரியாமல் கொத்துக் கொத்தாக, ஊதாவும் வெள்ளையுமாக, வெயிலில் அவரைப் பூ. அவர் கேட்ட இடம் அதுதான்.

வீரம்மாள் அழுகையை நிறுத்தினாள். பூவைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணை ஏம்ப்பா மூடுனீங்க?" என்றாள் தண்ணீர்க் குடத்தோடு நின்றவர்களிடம். "கொஞ்சம் தொறந்து வுடுங்க. பாக்கணும்னு சொன்னாரு."

கமலம் வந்து அவள் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.