தங்கச்சிமடத்தில் சாயும் வண்டி

வண்டி பட்டறையில் நேராக நிற்கிறது. தங்கச்சிமடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வலது பக்கம் சாய்கிறது. இது என்ன கூத்து என்று சின்னக்கருப்பனுக்குப் பிடிபடவில்லை.

நயினார்கோவில் பக்கம் வயல் வேலையை விட்டுவிட்டு, இராமநாதபுரத்தில் மஹ்மூது பாயின் ஸ்பிரிங் பட்டறைக்கு வந்த நாள் முதல் எத்தனையோ லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கிறான். லாரி சாய்ந்தால் எங்கே போனாலும் ஒரே பக்கம்தான் சாயும். ஊரைப் பார்த்துச் சாய்கிற வண்டியை அவன் கண்டதில்லை.

வண்டி தங்கச்சிமடத்து வேதமுத்துவுடையது. கடலுக்குப் போனது போதும் என்று, பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வைத்து வீட்டு வண்டி ஆக்கியிருந்தார். வேளாங்கண்ணிக்குப் போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவதாக எண்ணம். ஆனால் பாம்பன் பாலத்தில் ஏறினாலே வண்டி தொட்டிலாய் ஆடியது.

முதல் தடவை வந்தபோது இடது பக்கம் அமுங்கி நின்றது. கண்ணாலேயே தெரிந்தது. சின்னக்கருப்பன் இடது பின்பக்கத்தில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டான். வண்டி நிமிர்ந்தது. அன்று சாயந்தரமே போன் வந்தது: "மேஸ்திரி, இப்ப வலது பக்கம் சாஞ்சு கெடக்கு." மறுபடி கொண்டுவரச் சொன்னால், பட்டறை வாசலில் அது நேராக நின்றது. பாய் குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். புது ஷாக் அப்சார்பர் போடச் சொன்னார். இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும் கம்பி ஒன்றையும் அடியில் மாட்டச் சொன்னார். போனது. போன் வந்தது. மறுபடியும் வலது பக்கம்.

மூன்றாவது தடவையும் பட்டறை வாசலில் அது நேராக நின்றதைப் பார்த்ததும் பாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"ஏலே கருப்பா, ஒண்ணு அந்த ஆளு பொய் சொல்றான், இல்ல நீ எதையோ மாத்தி மாட்டிருக்க. கூடப் போ. பின்சக்கரத்துக்கு மேல ஒக்காந்து என்னன்னு பாரு. இன்னைக்கும் சரியாகலன்னா நாளையில இருந்து ஒனக்கு இங்கன வேலை இல்ல."

நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடி வயல் கூலிக்குப் போய் நிற்பதை நினைத்தாலே இடுப்பு வலித்தது. சின்னக்கருப்பன் ஸ்பேனர்களையும் ஜாக்கியையும் தூக்கிக்கொண்டான்.

வண்டியின் பக்கக் கதவை அவன் இதுவரை திறந்ததே இல்லை. அடியில் படுத்து வேலை பார்த்தானே ஒழிய உள்ளே போகவில்லை. வேதமுத்துவின் மனைவி மிக்கேலம்மாள் திரையை இழுத்துவிட்டு உள்ளே இருப்பாள். குழம்பு வாசனை வரும். அடுத்தவர் குடியிருக்கிற இடத்துக்குள் மேஸ்திரிக்கு என்ன வேலை? இப்போதும் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினான்.

"பரவாயில்ல, போட்டுக்கிட்டே வா தம்பி. இது வண்டிதான்," என்றாள் மிக்கேலம்மாள்.

"இருக்கட்டுங்கக்கா."

உள்ளே இடது சுவரோரம் தண்ணீர்க் கேன்கள் வரிசையாக நின்றன. தண்ணீர் இல்லாமல் வீடு ஏது என்று அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்டபம் தாண்டும்வரை வண்டி ஒழுங்காகவே ஓடியது. பட்டையிலும் சத்தமில்லை. குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

பாலத்தில் ஏறியதும் தெற்கேயிருந்து காற்று அறைந்தது. மிக்கேலம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு கேனாக இடது பக்கமிருந்து வலது பக்கத்துக்கு நகர்த்த ஆரம்பித்தாள்.

"என்னக்கா பண்றீக?"

"சோழகக் காத்து அடிக்கிதுல்ல? பாரத்தைக் காத்துப் பக்கம் வைக்க வேணாமா? நீயும் இங்கிட்டு வா. நல்ல கனமான ஆளா இருக்க, சும்மா அங்கன குத்தவச்சிருக்கியே."

வேதமுத்து ஸ்டியரிங்கை விடாமல் முன்னாலிருந்து சத்தம் கொடுத்தார்: "வத்தைப் படகுல பாய் விரிச்சா காத்து வர்ற பக்கம் பலகை போட்டு ஆளு ஏறி ஒக்காருவோம் மேஸ்திரி. இல்லன்னா கவுத்துரும்."

"திரும்பி வரும்போது?"

"வரும்போது தெக்கு இடது பக்கம் வந்துருமே. கேனும் அங்கிட்டுப் போயிரும். எறங்குன பெறகு அதைப் பழையபடி யாரு தூக்குறது?"

சின்னக்கருப்பன் உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் வலமும் இடமுமாகத் திருப்பிப் பார்த்தான். பட்டறைக்கு வரும்போது பாரம் இடது பக்கம். அதற்குத் தோதாகத்தான் பட்டை போட்டிருக்கிறான். தங்கச்சிமடத்துக்குப் போனால் பாரம் வலது. இரண்டாம் தடவை கையைத் திருப்பியபோதுதான் தலைக்குள் ஏறியது.

தங்கச்சிமடத்தில் இறங்கி, ஜாக்கி போட்டு, கூடுதல் பட்டையைக் கழற்றினான். கேன்களை வண்டியின் நடுவில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். "இது படகு இல்லக்கா. நகத்தாதீக. அடியில கம்பி போட்டிருக்கு, ஆடாது."

"கம்பிக்குக் காத்து எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்றாள் மிக்கேலம்மாள். ஆனால் கயிற்றை அவிழ்க்கவில்லை.

திரும்பி வருகையில் பாலத்தின் நடுவில் அவள் மெல்ல எழுந்து தெற்குப் பக்கமாகப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காற்று அடுத்து அறைந்தபோது சின்னக்கருப்பனும் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தான். எப்போது நகர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. வண்டி அசையாமல் போனது.

பட்டறையில் எல்லோரும் இறங்கிய பிறகும் வண்டி நேராகவே நின்றது. நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டு பாய் வண்டியைச் சுற்றி வந்தார்.

"சாஞ்சதுக்குக் காரணம் கேனு. சரி. பாலத்துல ஆட்டம் நின்னது எதுனால? கம்பியாலயா?"

"கம்பியாலதான் இருக்கும் பாய். ஆனா நாங்க ரெண்டு பேரும் தெக்குப் பக்கம் ஒக்காந்திருந்தோம்."

"நீ எதுக்குலே ஒக்காந்த?"

"அதான் எனக்கும் தெரியல."

பாய் குனிந்து அடியிலிருந்த கம்பியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். "நாளைக்கு வெள்ளன வா. மீன் லாரி ஒண்ணு வருது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.