குழியில் நின்ற தண்ணீர்

தையல்காரி மண்ணில் முழங்காலிட்டு, குழிக்குள் நட்டிருந்த குச்சியை எட்டிப் பார்த்தாள். அதில் பென்சிலால் கிழித்த கோடுகள் இரண்டு. காலையில் அவள் தம்பி மேல் கோடு வரை ஊற்றிவிட்டுப் போன தண்ணீர், மத்தியானமாகியும் ஒரு நூலளவுகூட இறங்கவில்லை. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

படுக்கையில் இருந்தபடியே கோடு போட்டுக் கொடுத்தவர் அவள் கணவர். டைல்ஸ் வேலைக்காரர். எந்தத் தரையானாலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் கொத்துக்கரண்டியைத் தொட மாட்டார். முப்பது வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் தரை போட்டவர், தான் மட்டும் பதினொரு வாடகை வீடு மாறியிருந்தார். இப்போது இதயம் கைவிட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடக்கிறார். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. போவதற்குள் இவளுக்கென்று ஒரு இடம் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை.

இடமும் அவர் பார்த்த இடம்தான். ரோட்டுக்கு ஓர் ஆள் மட்டம் கீழே, முக்கோணமாக, ஆறு வருஷமாக யாரும் சீந்தாத மனை. அதனால்தான் இவர்கள் கைக்கு எட்டியது. "இது மனை இல்லீங்க, பள்ளம்" என்று அவள் மூன்று மாதம் மல்லுக்கு நின்றாள். கடைசியில் இருவரும் இந்தக் குழிக்கு ஒத்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் வாங்குவது, இறங்காவிட்டால் விட்டுவிடுவது. இன்று சாயங்காலத்துக்குள் புரோக்கருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, ஜெயித்தது அவள்தான். ஆனால் குச்சியைக்கூடப் பிடுங்காமல் எழுந்து வீட்டுக்கு நடந்தாள். உள்ளதைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இல்லாததைச் சொன்னால், வாங்கு என்பார். மழைக்கு மழை வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். வழி நெடுகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவள், வாசல் வந்ததும் எல்லாவற்றையும் உதறிவிட்டு உள்ளே போனாள்.

"இறங்குச்சா?" என்றார் அவர், அவள் உட்காருவதற்கு முன்பே.

"இறங்கிடுச்சுங்க. கீழ்க்கோட்டையும் தாண்டிடுச்சு. நல்ல மண்ணுதான். வாங்கிடலாம்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மூச்சு வாங்கச் சிரித்தார்.

"அப்ப வேண்டாம்னு சொல்லிடு."

"என்னங்க இது? இறங்கிடுச்சுன்னு சொல்றேன்."

"நெஜமாவே இறங்கியிருந்தா இவ்வளவு சாதுவாவா சொல்லுவ? தண்ணி போனா போச்சு, படியேற எவளால முடியும்னு ஆரம்பிச்சிருக்க மாட்ட?"

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முப்பது வருஷத்தில் அவரிடம் ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

"அட, எதுக்கு அழற? தண்ணி நின்னா நின்னுட்டுப் போகுது. மண்ணுகிட்ட கோவிச்சுக்க முடியுமா?" கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு கேட்டார்: "சும்மா ஒரு பேச்சுக்கு. வாங்கியிருந்தா அடுப்படி எந்தப் பக்கம் வெச்சிருப்ப?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரோட்டுப் பக்கம்."

"போற பஸ்ஸோட புகை எல்லாம் உன் பாத்திரத்துலதான் விழும்."

"பின்னாடி வெச்சா எனக்குத் தவளைதான் துணை."

"சரி, முன்னாடியே வெச்சுக்கோ. கீழ இறங்கப் பத்துப் படி."

"பத்தா? ஒவ்வொண்ணும் சாண் உசரம் வரும். வயசான காலத்துல என் முட்டி என்னத்துக்கு ஆகும்? பன்னெண்டு போடுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. மனுஷன் இப்படிச் சட்டென்று விட்டுக்கொடுக்கிறவர் இல்லையே என்று நினைத்தாள்.

"பன்னெண்டுதான். சரிதானே?"

கதவோரம் நின்றிருந்த தம்பி வந்து அவள் தோளில் கை வைத்தான். "அக்கா" என்றான். அப்போதும் அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு நாற்காலிகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. எதற்கெடுத்தாலும் 'இதுதான் கடைசி விலை' என்கிற புரோக்கரும் வந்தார். அவருக்குக் கடைசி விலை என்றே பெயர். உள்ளே போய் நெடுநேரம் நின்றார். வெளியே வந்து, போகவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் தவித்தவரை அவளே கூப்பிட்டாள்.

"அந்த இடம் வேண்டாம்னு சொல்லிட்டாருங்க."

"சரிம்மா. இந்த நேரத்துல இதைச் சொல்றது தப்புதான்." குரலைத் தாழ்த்தினார். "அவர் இருக்கும்போதே இன்னொண்ணு சொல்லி வெச்சிருந்தேன். ரோட்டு மட்டத்துல, நல்ல சதுரம். தண்ணி நிக்காது, படி வேண்டாம். ஒரு குறை சொல்ல முடியாது. காரியமெல்லாம் முடியட்டும், வந்து பாருங்க."

குறையே இல்லாத மனையா? அப்புறம் எதைச் சொல்லி மல்லுக்கு நிற்பது? அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அறைப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த ஆளு என்ன சொல்றாருன்னு வந்து கேளுங்க!"

புரோக்கர் குனிந்து செருப்பை மாட்டத் தொடங்கினார். அதற்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது.