மென்று துப்பிய கடலை

வேர்க்கடலையை வறுத்துப் பொடித்தும் விழுதாக அரைத்தும் கடைகளுக்குப் போடுகிற புருஷனும் பெண்டாட்டியும் அந்த வீட்டின் பின்பகுதிக்குக் குடிவந்தார்கள். வந்த வாரமே சமையலறை மூலையில் அவள் அதைப் பார்த்தாள். நன்றாக மென்று துப்பிய கடலை, ஈரமாக, சிறு குவியலாக.

"என்னங்க, வறுவல் பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. மூலையிலயா துப்பறது?"

"வியாபாரத்துக்கு வச்சதை எல்லாம் தின்னு தீர்க்கறேன்னு நேத்து திட்டின. இன்னிக்குத் துப்பறேங்கற. ஏதாவது ஒண்ணு சொல்லு."

எலியாக இருக்கும் என்று பொறி வைத்தார்கள். எலி சிக்கவில்லை, குவியல் மட்டும் தினமும் வந்தது.

ஒரு மத்தியானம் அவர் கடைகளுக்குப் போயிருந்தார். அவள் வறுத்த கடலையைக் கையால் தேய்த்துத் தோலைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லுகிற சத்தம். அவசரமே இல்லாமல், ருசித்து. திரும்பினால் யாரும் இல்லை. மூலையில் புதிதாக ஒரு வாய்க் கடலை. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்கார அம்மாவிடம் ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மா அவளைத் திண்ணையில் உட்கார வைத்தார்.

"உங்களுக்கு முன்னாடி அந்தப் பின்பகுதியில ஒரு லாரி டிரைவர் இருந்தார்மா. தனி ஆள். தொண்டையில கட்டி, கெட்டியா எதையும் முழுங்க முடியாது. கடலைன்னா உயிர். மென்னு ருசி பார்த்துட்டுத் துப்பிடுவார். பசியோடதான் போய்ச் சேர்ந்தார்."

காலி செய்துவிடலாம் என்றார் கணவர். அவளுக்கும் உதறல்தான். ஆனால் அந்தப் பசி அவளை விடவில்லை. கடலையை ஊறவைத்துத் தோலுரித்து, மையாக அரைத்து, துணியில் வடிகட்டிப் பால் எடுத்தாள். இளஞ்சூடாக்கி, துளி உப்பு போட்டு, ஒரு டம்ளரில் ஊற்றி மூலையில் வைத்தாள்.

இருவரும் கதவோரம் நின்று பார்த்தார்கள். பால் மெல்ல மெல்ல இறங்கியது. நடுவில் ஒரு இருமல் கேட்டது. கணவர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் தண்ணியா கலக்கியிருக்கலாம்," என்று கிசுகிசுத்தார்.

அதன்பிறகு தினமும் ஒரு டம்ளர் பால் வைத்தாள், குவியல் வரவில்லை. வீடு மாறும் பேச்சும் அப்படியே நின்றுபோனது. உடம்புக்குச் சத்து என்று கணவரும் ஒரு டம்ளர் பால் கேட்டு வாங்கிக் குடித்தார். வடிகட்டிய சக்கையை அவள் குழம்பில் கரைத்தாள், கெட்டியாக, வாசனையாக வந்தது.

ஒருநாள் காலையில் டம்ளரை வைக்கக் குனிந்தாள். அது தரையைத் தொடுவதற்குள் யாரோ பதமாக வாங்கிக்கொண்டது போலிருந்தது. அவள் விரல்களை எடுத்தாள்.

டம்ளர் விழவில்லை.