காலியாக இருந்த நல்ல நாற்காலி

மாடிப்படியில் சட்டம் படிக்கும் பெண். அந்த வீட்டில் அவளுக்கு ‘வக்கீலம்மா’ என்றுதான் பெயர். கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல், எல்லாரும் ‘நெட்டை’ என்று கூப்பிடும் உயரமான பையன். ஜன்னல் மேடையில் இரட்டைச் சகோதரிகள், ஒரே போர்வைக்குள். மற்ற நால்வர் தரையில். கூடத்தின் நடுவே, நாலு காலும் சரியாக இருந்த ஒரே நாற்காலி காலியாகக் கிடந்தது. இடம் கேட்டு வந்தவள் கதவோரம் நின்றாள்.

“உட்காரும்மா” என்றாள் வக்கீலம்மா.

“பரவால்லக்கா. ஓனர் வரட்டும்.”

கூடமே சிரித்தது. வக்கீலம்மா சொன்னாள்: “எட்டு ஓனரும் வந்தாச்சு. இது மாணவர் கூட்டுறவு வீடு. குடியிருக்கிற வரைக்கும் எல்லாரும் ஓனர்தான். அது புதுசா வர்றவங்களுக்குப் போடுற நாற்காலி.”

நுனியில் உட்கார்ந்தாள். வெளியே கேட்கிற வாடகையில் இங்கே பாதிகூட இல்லை. இதுவும் கைநழுவினால் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான். “வீட்டுக்காரர் யாரு, எப்படின்னு விசாரிச்சு எழுது. இல்லேன்னா பஸ் ஏறி வந்துடு” என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“சேத்துக்கலாம்கிறவங்க கை தூக்குங்க” என்று வக்கீலம்மா ஓட்டுக்கு விட்டாள்.

ஏழு கைகள் எழுந்தன. நெட்டையின் கை எழவில்லை. ஒருவர் மறுத்தாலும் அங்கே இடமில்லை.

“உனக்கென்னடா வந்தது?”

“மேல் ரூம் ஒழுகுதுல்ல? வெளியில இருக்கிற ஓனருங்க மாதிரி நாமளும் அதை இவ தலையில கட்டணுமா? ஓட்டையை அடைங்க, தூக்குறேன்.”

“அடப்பாவி, அதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!”

சொல்லி வாய் மூடவில்லை, எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். ஏணி வந்தது, தார் டப்பா வந்தது. அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“பிடிச்சிட்டே நிக்கிறியே, ஏறு. உன் ரூம் கூரைதானே?” என்றாள் வக்கீலம்மா.

முந்தைய அறையில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். குடியிருந்த எந்த வீட்டின் உச்சியையும் பார்த்ததே இல்லை. கூரை இவ்வளவு அகலமா! விரிசலில் தாரைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பூசினாள்.

இரட்டையர் வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். கீழே அறைக்குள் நெட்டை வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றான். ஒரு சொட்டு இல்லை. அவன் கையைத் தூக்கினான். அது கூரையையே தொட்டது.

அன்று மாலை அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து எழுதினாள்:

“அப்பா, வீட்டுக்காரர்களை விசாரித்தேன். மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேர் தங்கமானவர்கள். ஒன்பதாவது ஆளை உங்களுக்கே தெரியும்.”

உறையை ஒட்டினாள். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகாத தார், மடிப்பில் கட்டைவிரல் அளவுக்குப் பதிந்துவிட்டது. இருக்கட்டும் என்று அப்படியே தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டாள்.