பழைய அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு

பாடப்புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்றில் பதினோரு வருஷம் மெய்ப்புப் பார்த்தவள் அவள். ஏழாவது கேள்விக்கு எட்டாவதன் விடை வந்திருந்தாலோ, இதயப் படத்தில் இடமும் வலமும் மாறியிருந்தாலோ, அவள் மேசையைத் தாண்டி அது போகாது. அங்கே அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பேர். அந்தப் பேரை வைத்தவர் எடிட்டர்.

வேலையை விட்டபோது அவள் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். போக வர பஸ்ஸிலேயே மூன்று மணி நேரம். மகளுக்குக் காய்ச்சல் என்றால் லீவுக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அதே வேலையை வீட்டில் உட்கார்ந்து, பிடித்த நேரத்தில் செய்தால் என்ன? பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவன், உனக்குச் சரியென்று பட்டால் சரி என்று சொல்லிவிட்டான்.

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. வேலைக்குப் பஞ்சமில்லை. பணமும் முன்னே பின்னே வந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பிடித்த நேரம்தான் வரவே இல்லை. படுக்கையறை ஜன்னலோரம், துணி காயும் கொடிக்குக் கீழே ஒரு மடக்கு மேசை. அதுதான் ஆபீஸ். கதவைத் தட்டுகிறவர்களுக்கெல்லாம் அவள் சும்மா இருப்பவள். மாடி வீட்டுக்காரி தனக்கு வரும் பார்சல்களை வாங்கி வைக்கச் சொன்னாள். நாத்தனார் தன் மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னாள். எல்லாருக்கும் ஒரே வசனம்: “நீ வீட்லதானே இருக்கே?” முடியாது என்று வாயெடுத்தால், ஏதோ பொய் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதுபோல் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

பேச ஆளில்லாதது அதைவிடக் கொடுமை. வரலாற்றுப் புத்தகம் ஒன்றில் ஓர் அரசன் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பே செத்துப்போயிருந்தான். அதைக் கண்டுபிடித்து அனுப்பினாள். பழைய ஆபீஸாக இருந்தால் டீ நேரம் முழுக்க அந்த அரசனை வைத்தே சிரித்திருப்பார்கள். இங்கே ‘ஓகே’ என்று பதில் வந்தது. முகம் தெரியாத யாரோ அனுப்பிய ஓகே. இன்னொரு நாள் மதியம் மூன்று மணிக்குப் போனை எடுத்தால் தொண்டையிலிருந்து சத்தமே எழும்பவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த மகள், பள்ளிப் படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் ‘வீட்டில் இருக்கிறார்’ என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. இவள் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை எடிட்டர் கூப்பிட்டார். “வேலை விஷயமா உங்ககிட்ட ஒண்ணு பேசணும்மா. போன்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வர முடியுமா?”

திரும்பக் கூப்பிடுகிறார்கள். வேறென்னவாக இருக்கும்? அன்று சாப்பிடும்போது கணவனிடம் கேட்டாள். தனியாக வேலை செய்வது தனக்கு ஒத்துவருகிறதா, பார்க்கும் அவனுக்கு என்ன தோன்றுகிறது என்று. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“முன்னாடி வந்ததும் வராததுமா ஆபீஸ் கதை சொல்லுவே. அங்க இருக்கறவங்க எல்லாரும் எனக்கு மனப்பாடம். இப்ப நீ எதுவுமே சொல்றதில்ல.”

அவள் பழைய ஆபீஸுக்கே போய்விடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். வியாழனன்று நாலு மாத வேலை ஒன்று வந்தது, ஒரு நிலப்படப் புத்தக வரிசை. நேரமில்லை என்று எழுதித் தட்டிக் கழித்தாள். ஒன்றரை வருஷத்தில் அவள் சொன்ன முதல் ‘முடியாது’ அது. எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை போனால், பாதி மேசைகளில் கணினியே இல்லை. எடிட்டர் அறையில் அலமாரிப் புத்தகமெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் இறங்கியிருந்தது. அவரே போய் இரண்டு டீ வாங்கி வந்தார். உட்காரச் சொன்னார். ஒரு நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இந்த மாசத்தோட என்னை நின்னுக்கச் சொல்லிட்டாங்கம்மா. இனிமே எல்லாத்தையும் வெளியில குடுத்தே செய்யப் போறாங்களாம். எனக்கு ஐம்பத்தாறு வயசு. இங்கேருந்து தைரியமாப் போனது நீங்கதான். அதான் கேக்கலாம்னு. தனியா வேலை செய்யறது எனக்கு ஒத்துவருமா?”

அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். தனக்கென்று இங்கே நாற்காலி எதுவும் இல்லை என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நல்லாயிருக்கும் சார் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவருடைய பேனா எழுதத் தயாராக நின்றதைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

“உங்களுக்கு வேற வழி ஏதாவது இருக்கா சார்?”

“இல்லம்மா.”

“அப்ப ஒத்துவருமான்னு யோசிக்காதீங்க. யோசிச்சா வேலைக்கு உக்கார முடியாது.”

அவர் தலையாட்டினார். ஏதாவது சொல்லுங்கம்மா என்று இரண்டாம் முறையும் கேட்டதால், அவளும் சொன்னாள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், வேலை நேரத்தை வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், ஒரு நாளைக்கு ஒருவரிடமாவது பேசிவிடுங்கள் என்று. அவர் ஒவ்வொன்றையும் பள்ளிப் பிள்ளைபோல எழுதிக்கொண்டார். இதில் ஒன்றைக்கூடத் தான் செய்ததில்லை என்பதை அவள் சொல்லவில்லை. தான் எதற்காக வந்தோம் என்பதையும் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே நிலப்படக்காரர்களுக்கு எழுதினாள், நேரம் கிடைத்துவிட்டது என்று. வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்று மறுநாள் பதில் வந்தது.

அடுத்த மாதம் முதல் திங்களன்று, காலை பதினோரு மணிக்கு எடிட்டர் கூப்பிட்டார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

“உக்காந்திருக்கேன் சார்.”

“நானும்தாம்மா.”

இருவரும் யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் போனைக் காதில் பிடித்தபடி இருந்தார்கள். அவர் வீட்டுக் கதவை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. “சார், வீட்லதானே இருக்கீங்க?” என்றது ஒரு குரல்.